பிரெடரிக் டக்ளஸ் வரலாறு உணர்த்தும் படிப்பினை

நம்மவர் இல்லங்களில் ஆகிவராது என்றொரு சொல் பெருவழக்காக உள்ளது. பாட்டனார் ஒருகால் வாணிகத்தில் முதலிழந்திருப்பாராயின், வாணிகம் எங்கள் குடும்பத்துக்கு ஆகிவராது என்பர். மூத்த பிள்ளை ஒரு தேர்வில் தவறியிருப்பானாயின், படிப்பு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகிவராது என்பர். பட்டதை மறவாமை அறிவுடைமையே. அதனை யாம் மறுக்க வரவில்லை. முதல் எதனால் அழிந்தது, தேர்வு எதனால் தவறியது என்று ஆராய்ந்து தெளிதல் பயனுடைய கல்வியாகும். அங்ஙனம் ஆராயாது, ஒருமுறை நேர்ந்த இழப்பையே வேலியாக வளைத்து, மக்களையும் பேரரையும் அதனுள் அடைத்துவைத்தல் கேடு பயப்பதாகும். பட்டறிவினின்று கற்றலும் வேண்டும். அதற்குக் கட்டுண்டு நில்லாமையும் வேண்டும். இவ்விரண்டனையும் தம் வாழ்க்கையில் ஒருங்கே நிகழ்த்திக் காட்டிய சான்றோர் ஒருவரின் வரலாற்றை நேயர்கட்கு இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து, அந்நாட்டின் தலைசிறந்த நாவலருள் ஒருவராய் விளங்கி, 1895-ஆம் ஆண்டில் மறைந்த பிரெடரிக் டக்ளஸ் என்பார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள டால்பட் என்னும் மாவட்டத்தில் டக்ளஸ் பிறந்தார். அவர்க்கு இட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது. தாய் ஹாரியட் பெய்லி, ஓர் அடிமைப் பெண். தந்தை வெள்ளையர் ஒருவர் என்பதன்றிப் பிறிதொன்றும் அவர் திட்டமாய் அறியார். தாம் பிறந்த நாளையும் அவர் அறியார். ஆண்டையின் கணக்கேட்டினின்று, 1818-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பிறந்தமை பிற்காலத்து ஆராய்ச்சியாளர்க்குப் புலனாயிற்று.

பச்சிளங் குழவிப் பருவத்திலேயே தாயினின்றும் பிரிக்கப்பட்டு, பாட்டியாராகிய பெட்சி பெய்லியின் குடிலில் அவர் வளர்ந்தார். தாய் பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொரு பண்ணையிற் பகலெல்லாம் உழைத்து, இரவில் நடந்துவந்து மகனைக் கண்டு, விடியுமுன் திரும்பிச் செல்வார். அங்ஙனம் கண்டது நான்கைந்து முறையே. மகனுக்கு ஏழு வயது நிரம்பிய அளவில் தாய் இறந்துபட்டார். அதற்குச் சிறிது முன்னரே, பாட்டியார் சிறுவனைக் கைப்பிடித்து ஆண்டை வாழ்ந்த பெரும் பண்ணைக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த குழந்தைகளோடு விளையாட விட்டு, அவன் அறியாவண்ணம் திரும்பிவிட்டார். விட்டுச் செல்லுமாறு அவர்க்குக் கட்டளை. மீறுதற்கு அவர்க்கு வலியில்லை. இவ்வாறு தாயும் பாட்டியும் இழந்த சிறுவனுக்கு உலகம் கற்பித்த முதற்பாடம், நீ பிறருடைய உடைமை என்பதே.

பகைவன் வாயிற் கேட்ட பாடம்

1826-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்தில் வாழ்ந்த ஹ்யூ ஆல்ட் என்பவர் இல்லத்துக்குச் சிறுவன் ஏவலாளாக அனுப்பப்பட்டான். அவர் மனைவி சோபியா இரக்கமுடையவர். அவ்வம்மையார் சிறுவனுக்கு எழுத்துக்களையும் சிறுசிறு சொற்களையும் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் இதனை அறிந்ததும் சினந்து தடுத்தார். அடிமை எழுத்தறிந்தால் அடிமைத் தொழிலுக்கு உதவான், அவனை அடக்கியாளுதல் பின்னர் இயலாது என்று மனைவிக்கு எடுத்துரைத்தார். சிறுவன் அருகிலிருந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறனொருவனாயின் இதனைக் கேட்டு, எழுத்து நமக்கு ஆகிவராது என்று அடங்கியிருப்பான். இச்சிறுவனோ, அடிமைத் தளையின் திறவுகோல் எது என்பதை ஆண்டையே தம் வாயாற் கூறிவிட்டார் என்று உணர்ந்தான். அம்மையார் கற்பித்தல் நின்றது. ஆயினும் சிறுவன் கற்றல் நிற்கவில்லை. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து அவர்களிடம் எழுத்துக் கற்றான். கப்பல் கட்டும் துறையில், மரத்துண்டுகள் கப்பலின் எப்பகுதிக்கு உரியன என்பதை உணர்த்தத் தச்சர் இட்ட அடையாள எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். சுவரும் வேலியும் நடைபாதையும் அவனுக்கு ஏடுகள், சுண்ணக்கட்டி எழுதுகோல். பன்னிரண்டு வயதளவில், காலணிகளைத் துடைத்து ஈட்டிய ஐம்பது காசு கொண்டு, கொலம்பியன் ஆரேட்டர் என்னும் சொற்பொழிவுத் திரட்டு நூலொன்றை வாங்கினான். அடிமை ஒருவன் தன் ஆண்டையோடு வாதிட்டு, நியாயத்தினாலேயே விடுதலை பெறும் உரையாடல் ஒன்று அந்நூலில் இருந்தது. நாவன்மையின் ஆற்றலை டக்ளஸ் முதன்முதல் அறிந்தது அந்நூலினாலேயாம்.

அடக்க வந்தவன் அடங்கியது

1833-ஆம் ஆண்டில் டக்ளஸ் மீண்டும் நாட்டுப்புறத்துக்கு, தம் சட்டப்படியான ஆண்டையாகிய தாமஸ் ஆல்ட் என்பவரிடம் அனுப்பப்பட்டார். எழுத்தறிந்த அடிமையின் நிமிர்ந்த நோக்கு ஆண்டைக்குப் பிடிக்கவில்லை. ஆதலின், அடங்காத அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்பெற்ற எட்வர்டு கோவி என்னும் குடியானவனிடம் 1834-ஆம் ஆண்டு முழுமைக்கும் அவரை ஒப்படைத்தார். முதல் ஆறு திங்களில் வாரந்தோறும் கசையடி. உடல் சோர்ந்தது, படிக்கும் வேட்கையும் அவிந்தது. ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள், மீண்டும் அடிக்க வந்த கோவியைப் பதினாறு வயதினராகிய டக்ளஸ் எதிர்த்து நின்று பற்றிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருவரும் மல்லாடினர். கோவியால் அவரை வீழ்த்த இயலவில்லை. அதற்குப்பின் எஞ்சிய திங்களில் ஒருமுறையேனும் அவன் அவரைத் தொட்டானில்லை.

இந்நிகழ்ச்சியால் டக்ளஸ் சட்டப்படி விடுதலை பெற்றாரல்லர். அவர் இன்னும் அடிமையே. ஆயினும் அடிமைத்தனம் உடலளவில் நிற்பதோ உள்ளத்திலும் புகுவதோ என்பது தம் கையிலும் உள்ளது என அவர் தெளிந்தார். வாழ்நாள் முழுவதும் இதனை அவர் மறக்கவில்லை.

தவறிய முயற்சியும் தவறாத முயற்சியும்

1836-ஆம் ஆண்டில் டக்ளஸ் தோழர் சிலருடன் தப்பியோட முயன்றார். விரிகுடாவிற் படகேறி வடக்கு நோக்கிச் செல்லுதல் அவர்கள் கருத்து. ஆண்டை அளித்தன போன்ற அனுமதிச் சீட்டுகளை டக்ளஸே தம் கையால் எழுதினார். புறப்படும் நாளன்றே செய்தி வெளிப்பட்டுவிட்டது. அனைவரும் சிறைப்பட்டனர். சீட்டுகளைத் தீயிலிட்டும் தின்றும் அழித்துவிட்டமையால் சான்று அகப்படவில்லை. கொடிய தென்னாட்டுச் சந்தையில் விற்கப்படுவோம் என அவர் அஞ்சியிருக்க, தாமஸ் ஆல்ட் அவரைத் திரும்பவும் பால்டிமோருக்கு அனுப்பினார். அங்கே கப்பற் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் தொழிலை அவர் கற்றார். ஈட்டிய கூலி வாரந்தோறும் ஆண்டையின் கைக்குச் சென்றது.

ஓடிப்போதல் எனக்கு ஆகிவராது என்று அவர் எண்ணியிருப்பாராயின் உலகம் அவர் பெயரையே கேட்டிராது. அவர் முதல் முயற்சியைத் துருவி ஆராய்ந்தார். முன்னர்ச் செய்தி பலர் வாயிற் பட்டது. இம்முறை மிகச் சிலரே அறிந்தனர். முன்னர்ப் படகு; இம்முறை புகைவண்டி. ஆன்னா மரே என்னும் உரிமைபெற்ற கறுப்பினப் பெண்மணி, தம் உழைப்பிற் சேர்த்த பொருளால் அவர்க்கு உதவினார். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் டக்ளஸ் கப்பலோட்டியின் உடையணிந்து, நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற கப்பலோட்டிச் சான்றிதழுடன் வண்டியேறினார். சான்றிதழிற் குறித்த அங்க அடையாளங்கள் அவர்க்குப் பொருந்துவன அல்ல. சீட்டுப் பரிசோதகர் அதனை மேலாகப் பார்த்துவிட்டு அகன்றார். ஒருநாட் பொழுது கழியுமுன் அவர் நியூயார்க்கு நகரத்தை அடைந்தார். அவ்வம்மையாரும் வந்து சேர, அத்திங்கள் 15-ஆம் நாள் இருவரும் மணந்துகொண்டனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தாம் தப்பிய வழியை டக்ளஸ் தம் முதலிரு நூல்களில் வெளியிட்டாரல்லர். அவ்வழியே பின்வருவோர்க்குக் கதவு அடைபட்டுவிடும் என்பது அவர் கருத்து. அடிமைத்தனம் ஒழிந்து பல்லாண்டு கழிந்தபின்னர், 1881-ஆம் ஆண்டிலேயே அதனை முழுதும் எழுதினார். தம் அனுபவத்தைப் பெருமைக்காகப் பேசுவோர் பலர். அதனைப் பிறர் நலன் நோக்கி அடக்கிக் காத்தவர் இவர்.

நண்பர் இட்ட எல்லை

மாசசூசட்ஸ் நாட்டிலுள்ள நியூ பெட்போர்டு துறைமுகத்தில் அவர்கள் குடியேறினர். டக்ளஸ் என்னும் பெயரை அவர் பூண்டது அங்கேதான். அந்நாட்டில் அடிமை முறை இல்லை. ஆயினும் நிறவேற்றுமை இருந்தது. இவர் கைவைத்தால் தாங்கள் வேலையை விட்டுச் செல்வோம் என வெள்ளைத் தொழிலாளர் மறுத்தமையால், கற்ற தொழில் பயன்படவில்லை. விறகு பிளந்தும் கரி அள்ளியும் மூன்றாண்டுகள் அவர் குடும்பம் நடத்தினார். அடிமை ஒழிப்பியக்கத்தின் தலைவராகிய வில்லியம் லாயிடு காரிசன் என்பார் நடத்திய இதழை வாரந்தவறாது படித்தார்.

1841-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நான்டக்கெட் தீவில் கூடிய அடிமை ஒழிப்பு மாநாட்டில் டக்ளஸ் எழுந்து, தம் வாழ்க்கையைத் தட்டுத்தடுமாறி எடுத்துரைத்தார். கேட்டோர் உருகினர். சங்கத்தார் உடனே அவரைத் தம் பேச்சாளராக அமர்த்தினர்.

இங்கேதான் அவர் வாழ்வில் ஒரு நுட்பமான இடர் தோன்றியது. பகைவர் இட்ட எல்லையைக் கண்டறிதல் எளிது. நண்பர் இடும் எல்லையைக் காண்டல் அரிது. டக்ளஸ் நூல்கள் பல கற்று, அடிமை முறையின் வேர்க்காரணங்களை ஆராய்ந்து பேசத் தலைப்பட்டார். சங்கத்து நண்பர்கட்கு அது உகந்ததாயில்லை. பட்டதை மட்டும் சொல்லுக, ஆராய்ச்சியை எங்களிடம் விடுக என்னும் கருத்துப்பட அவர்கள் அறிவுரை கூறினர். பேச்சு மிகத் திருந்தினால் அவர் அடிமையாயிருந்தவர் என்பதை மக்கள் நம்பார், ஆகலின் பண்ணையாட்களின் கொச்சை நடையைச் சிறிது கலந்து பேசுதல் நன்று எனவும் கூறினர். அவர்கள் தீய எண்ணம் உடையவரல்லர். ஆயினும் நேற்றைய அடிமையாகவே அவர் என்றும் மேடையில் நிற்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பமாயிற்று. தாம் பட்ட துன்பத்தின் சாட்சியாக மட்டும் நிற்க டக்ளஸ் உடன்படவில்லை. உணர்ந்ததைச் சொல்லுதலோடு, அது குறித்துச் சிந்தித்ததையும் சொல்லும் உரிமை தமக்குண்டு எனக் கொண்டார்.

அவர் அடிமையாயிருந்தவரே அல்லர் என்று சிலர் ஐயுற்றபோது, 1845-ஆம் ஆண்டில் தம் வரலாற்றை நூலாக எழுதி, பிறந்த ஊரையும் ஆண்டைகளின் பெயர்களையும் வெளிப்படையாகக் குறித்தார். நான்கு திங்களில் ஐயாயிரம் படிகள் விற்றன. ஆனால் ஓடிப்போன அடிமை இன்னார் என்பது ஆண்டைக்கும் தெரிந்துவிட்டது. எந்நேரமும் பிடிபடலாம் என்னும் நிலை. எனவே அவ்வாண்டு ஆகஸ்டில் கடல்கடந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் ஏறத்தாழ இருபது திங்கள் சொற்பொழிவாற்றினார். அங்குள்ள அன்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846-ஆம் ஆண்டு டிசம்பரில் அவரைச் சட்டப்படி மீட்டனர். மனிதனுக்கு விலை கொடுத்தல் கொள்கைக்கு மாறு என்று இயக்கத்தாருள் சிலர் குறைகூறினர். பிறருடைய தூய கொள்கைக்காகத் தாம் வேட்டைப்பொருளாகத் திரிய டக்ளஸ் இசையவில்லை.

1847-ஆம் ஆண்டில் நாடு திரும்பியவர் சொந்தமாக ஓர் இதழ் தொடங்க எண்ணினார். காரிசனும் நண்பரும் தடுத்தனர். மேடைப் பேச்சே அவர்க்கு உரியது, இதழ் நடத்தல் இயலாது என்பது அவர்கள் எண்ணம். பள்ளிக்கூடத்தின் வாயிலையும் மிதியாத தாம் ஆசிரியராய் அமர்தல் தகுமோ என்னும் தயக்கம் டக்ளஸுக்கும் இருந்தது. எனினும் நியூயார்க்கு நாட்டின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வடமீன் எனப் பொருள்படும் நார்த் ஸ்டார் என்னும் இதழைத் தொடங்கினார். அடிமைகள் இரவில் வடநாடு நோக்கித் தப்பியோடுகையில் அவர்கட்கு வழிகாட்டும் விண்மீன் அதுவேயாம். அவ்விதழ் பெயரும் வடிவும் மாறி 1863-ஆம் ஆண்டு வரை நடந்தது.

தம் துயரினின்று பிறர் துயரை அறிந்தமை

ராச்செஸ்டரில் தம் மகள் ரொசட்டா படித்த பள்ளியொன்றில், நிறம் காரணமாக அவள் தனியே அமர்த்தப்பட்டாள். டக்ளஸ் மகளைப் பள்ளியினின்றும் நிறுத்தியதோடு அமையாது, அந்நகரத்துப் பொதுப் பள்ளிகளில் நிறவேற்றுமை ஒழியவேண்டும் எனப் பல்லாண்டு போராடினார். 1857-ஆம் ஆண்டில் அவ்வேற்றுமை நீங்கியது. தம் மகளுக்கு மட்டும் ஒரு நல்ல இடம் தேடிக்கொண்டு அவர் அடங்கவில்லை என்பதை நாம் நோக்கவேண்டும்.

1848-ஆம் ஆண்டு ஜூலையில் செனக்கா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தீர்மானம் அங்கிருந்தோர் பலர்க்கே மிகையாகத் தோன்றிற்று. டக்ளஸ் எழுந்து அதனை ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறியது. தம்மினத்தார் பட்ட துன்பமே பெரிது, பிறர் துன்பம் நமக்கென்ன என்று அவர் எண்ணவில்லை. உரிமையிழந்தார் நிலையைத் தாம் அறிந்திருந்தமையின், உரிமையிழந்த பிறர் நிலையையும் அவரால் அறிய முடிந்தது.

தாம் கொண்ட கருத்தையும் மாற்றியமை

பகைவர் இட்ட எல்லையும் நண்பர் இட்ட எல்லையும் கடந்தவர்க்கு, தாமே தமக்கு இட்டுக்கொண்ட எல்லை ஒன்று எஞ்சியிருந்தது. அமெரிக்க நாட்டின் அரசியல் அமைப்புச் சட்டம் அடிமை முறைக்குத் துணைநிற்பது, எனவே அதன்வழி வாக்களித்தலும் கூடாது என்பது காரிசன் கொள்கை. பத்தாண்டுகள் டக்ளஸும் அதனையே மேடைதோறும் முழங்கினார். இதழாசிரியரான பின் மாற்றாருடைய வாதங்களுக்கு விடைகூற வேண்டிச் சட்டத்தைத் தாமே எழுத்தெழுத்தாய் ஆராயலானார். ஆராய ஆராய, அச்சட்டத்தை விடுதலைக்குக் கருவியாகக் கொள்ளுதல் இயலும் எனத் தெளிந்தார். 1851-ஆம் ஆண்டில், காரிசன் அமர்ந்திருந்த அவையிலேயே தம் கருத்து மாறியதை வெளிப்படையாகக் கூறினார்.

இதனால் அவர் இழந்தது சிறிதன்று. தம்மை உலகுக்கு அறிமுகம் செய்த தலைவரின் நட்பு முறிந்தது. நன்றிகெட்டவர் என்னும் பழியும் வந்தது. நன்றியுடைமை வேறு, அறிவை அடகுவைத்தல் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒருவரிடம் கற்ற பாடம் எத்துணைச் சிறந்ததாயினும், அதற்கு மேற்பட்ட உண்மை தோன்றும்போது முற்கற்றதனையே பற்றி நிற்றல் ஆசானுக்கும் பெருமையாகாது. மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் பாடம் சொல்லும் யாம் இதனைத் துணிந்து கூறுவோம்.

1861-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பினத்தாரைப் படையிற் சேர்க்கவேண்டும் என டக்ளஸ் இடையறாது வற்புறுத்தினார். 1863-இல் அரசு இசைந்தபோது அவர் மைந்தர் இருவர் முன்வந்து சேர்ந்தனர். வெள்ளைப் படைவீரர்க்குத் திங்கள் ஊதியம் 13 டாலர். கறுப்பினத்தார்க்கோ 10 டாலர், அதனினும் உடைக்கென மூன்று டாலர் பிடித்தம். டக்ளஸ் அவ்வாண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனை நேரிற் கண்டு இவ்வநீதியை எடுத்துரைத்தார். மறு ஆண்டு ஊதியம் சமமாக்கப்பட்டது.

1865-ஆம் ஆண்டில் போர் முடிந்ததும், வேலை முற்றுப்பெற்றது, அடிமை ஒழிப்புச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் காரிசன். டக்ளஸ் மறுத்தார். நியூ பெட்போர்டில் விறகு பிளந்த மூன்றாண்டுகள் அவர்க்கு நினைவிருந்தன. அடிமை முறை இல்லாத நாட்டிலும் கறுப்பினத்தான் தாழ்த்தப்பட்டே கிடந்ததை அவர் கண்டவர். வாக்குரிமை வராமல் விடுதலை நிறைவுறாது என்று அவர் வாதிட்டார். சங்கம் மேலும் ஐந்தாண்டு நடந்து, நிறம் காரணமாக வாக்குரிமை மறுத்தலாகாது என்னும் சட்டத் திருத்தம் 1870-ஆம் ஆண்டில் நிறைவேறிய பின்னரே கலைந்தது.

ஆண்டையின் படுக்கையருகே

டக்ளஸ் 1872-ஆம் ஆண்டில் தலைநகராகிய வாஷிங்டனுக்குக் குடியேறினார். 1877-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் மார்ஷல் என்னும் உயர்பதவி அவர்க்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் திங்களில் நிகழ்ந்தது, அவர் வாழ்க்கையில் யாம் பெரிதும் மதிக்கும் நிகழ்ச்சியாகும்.

தாமஸ் ஆல்ட் எண்பதைக் கடந்த முதியவராய், நடுக்குவாதத்தாற் படுக்கையிற் கிடந்தார். டக்ளஸ் அவர் இல்லம் சென்றார். தப்பியோடியபின் ஏறத்தாழ நாற்பதாண்டு கழிந்திருந்தது. முதியவர் அவரைப் பதவிப் பெயரால் விளித்தார். டக்ளஸ் பழைய பெயராலேயே அழைக்கும்படி கூறினார். இருவரும் கைபற்றிக்கொண்டனர்; முதியவர் கண்ணீர் உகுத்தார்; டக்ளஸுக்கும் நாவெழவில்லை. ஓடிப்போனதைக் குறித்துக் கேட்டபோது, தாம் அந்நிலையில் இருந்திருப்பின் அதனையே செய்திருப்பார் என ஆல்ட் ஒப்புக்கொண்டார்.

டக்ளஸ் அங்கே சென்றது மன்னிப்பளித்தற்கு மட்டும் அன்று. 1848-ஆம் ஆண்டில் அவர் ஆல்டுக்கு எழுதி அச்சிட்ட பகிரங்கக் கடிதத்தில், முதுமையுற்ற தம் பாட்டியாரை அவர் கைவிட்டார் எனக் குற்றஞ்சாட்டியிருந்தார். பாட்டியார் ஆல்டுக்கு உரியவராயிருக்கவே இல்லை என்பதும், அவர் நிலையறிந்து ஆல்ட் தம்மிடம் வருவித்துப் பேணினார் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. அப்பிழையைத் தாம் திருத்திக்கொண்டமையை டக்ளஸ் நேரில் தெரிவித்தார். தம்மை அடிமையாக்கி ஆண்டவரிடத்தும், பொய்யான ஒரு குற்றச்சாட்டை நிலைக்கவிட அவர் மனம் ஒப்பவில்லை. பின்னர்த் தாம் பிறந்த காலத்தை வினவினார். 1818-ஆம் ஆண்டு பிப்ரவரி என ஆல்ட் கூறினார். அறுபதாண்டளவாக அறியாதிருந்த ஒன்றை அறிதற்கு, தம்மைச் சிறைப்படுத்திய வாயிலையே அவர் மீண்டும் மிதிக்க வேண்டியிருந்தது.

கறுப்பினத்தாருட் பலர் இச்சந்திப்பைக் கண்டித்தனர். கொடுமையை அவர் மறந்துவிட்டார் என்றனர். அஃது உண்மையன்று. அடுத்த ஆண்டே, உள்நாட்டுப் போரில் இருதிறத்தாரும் ஒப்பானவரே எனப் பேசிவந்தாரை மறுத்து, அப்போரில் அறத்தின் பக்கமும் மறத்தின் பக்கமும் உண்டு, அதனை நாடு மறத்தலாகாது என்று அவர் மேடையில் வற்புறுத்தினார். இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1894-ஆம் ஆண்டு ஜனவரியிலும், கறுப்பினத்தாரை விசாரணையின்றிக் கூட்டமாய்க் கூடிக் கொல்லும் கொடுமையை எதிர்த்து நெடும்பேருரை ஆற்றினார். நிகழ்ந்ததை அவர் மறவார். ஆயினும் நிகழ்ந்ததன் கசப்பு தம் உள்ளத்தை ஆளவும் விடார்.

1877-ஆம் ஆண்டில் வாஷிங்டனை அடுத்த குன்றொன்றில் செடார் ஹில் என்னும் இல்லத்தை வாங்கினார். கறுப்பினத்தார்க்கு விற்கலாகாது என்னும் கட்டுப்பாட்டுடன் வகுக்கப்பட்ட குடியிருப்பு அது. 1889 முதல் 1891 வரை ஹெய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராய் இருந்தார். 1892-ஆம் ஆண்டில், தாம் அடிமையாய்த் திரிந்த பால்டிமோர்த் துறைப்பகுதியிலேயே, கறுப்பினக் குடும்பங்கள் வாடகைக்கு வாழ ஐந்து வீடுகளைக் கட்டினார். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் பகலிற் பெண்கள் மாநாடொன்றிற் கலந்துகொண்டு இல்லம் மீண்டவர், அன்று மாலையே உயிர்நீத்தார்.

முடிவுரை

டக்ளஸ் தம் வரலாற்றை மும்முறை எழுதினார். 1845-ஆம் ஆண்டின் நூல் சிறியது. 1855-ஆம் ஆண்டின் நூல் விரிந்தது. 1881-ஆம் ஆண்டில் வெளிவந்து 1892-இல் பெருக்கப்பட்டது மூன்றாவது. கோவியின் கசையும் பாட்டியாரின் குடிலும் மூன்றிலும் உள. ஆயினும் அவற்றைக் காணும் கண் ஒவ்வொரு முறையும் முதிர்ந்துள்ளது. கடந்தகாலம் மாறாது, அதனின்று நாம் கற்கும் பாடம் நம் அறிவின் அளவுக்கேற்ப வளர்தல் கூடும். இதுவே அவர் வாழ்க்கையினின்று யாம் தெளிந்த பொருள்.

நம் குடும்பங்களிலும் பழங்கதைகள் பல உண்டு. பட்ட வறுமை, பெற்ற அவமதிப்பு, இழந்த நிலம், முறிந்த வாணிகம் ஆகியவற்றை மூத்தோர் இளையோர்க்கு எடுத்துரைத்தல் நன்றே. உரையாது மறைத்தல் அவர்கட்கு இழைக்கும் குறையாகும். ஆயினும் கதையை முடிக்கும்போது, ஆதலின் நீ இதற்கு ஆசைப்படாதே என்று முடித்தலும் உண்டு. ஆதலின் நீ இதனை அறிந்து முன்செல் என்று முடித்தலும் உண்டு. கதை ஒன்றே, முடிக்கும் சொல்லால் பிள்ளையின் வாழ்வு வேறுபடும். சோபியா அம்மையார் நிறுத்திய இடத்தில் அச்சிறுவன் தன் கல்வியை நிறுத்திக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகள் கையிலும் நூல் உண்டு. அவர்கள் செவியில் எச்சொல் விழவேண்டும் என்பதைத் தாய்மாரும் தந்தையரும் எண்ணிப் பார்ப்பாராக.